அப்பா வாசிக்கப் பழகிய இடம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பாண்டு செட் குடியிருந்தது. இதைச் சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்போ, கோயில் ஊர்வலமோ, வாசகசாலை ஆண்டுவிழாவோ, எதுவானாலும் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நாலு பேர் முன்னால் நடந்தால்தான் அது விசேஷமாகத் தெரிந்த காலம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகிக் கொஞ்ச வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் திருவனந்தபுரத்து வலியசாலையில், அக்ரகாரத்துக்கு அடுத்த தெருவில், ஒரு நாஞ்சில்நாட்டுக்காரர் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

அப்பா கிளாரினெட் வாசிப்பார். மகாராஜாவின் பட்டாள பாண்டில் இருந்தவர். பட்டாளம் இந்தியப் பட்டாளத்தோடு சேர்ந்தபோது வயது கூடினவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அப்பாவும் வந்துவிட்டார். பகலில் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை. சாயங்காலமானால் முன்னறையில் பாண்டு. கிளாரினெட் பெட்டிக்குள் நீலப் பட்டு விரித்திருக்கும். வாத்தியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்கான பள்ளத்தில் படுக்கவைப்பார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல இருக்கும். அந்தப் பெட்டியின் வாசனை இப்போதும் எனக்கு வரும்: தேங்காயெண்ணெய், பழைய துணி, கொஞ்சம் எச்சில்.

பாண்டில் வேறு பலரும் வந்து போனார்கள் என்றாலும், எனக்கு வீட்டு மனிதர்கள்போல ஆனவர்கள் மூன்று பேர். டிரம்பட் ஊதியவர் விழிஞ்ஞத்துக்காரர், கடல்தொழில் குடும்பம். அவரை விழிஞ்ஞத்து மாமா என்போம். பெரிய டிரம் அடித்தவர் டிரம் மாமா. அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது கிளாரினெட் வாசித்தவர் அக்ரகாரத்துப் பிள்ளை; செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. அவர் செக்ரட்டேரியட் அண்ணா.

வாசித்துக் களைத்துப்போனால் அம்மா பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அப்போதுதான் கதைகள் வரும். யார் எங்கே எப்படி வாசிக்கப் பழகினார்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு அலுக்கவே அலுக்காது. எனக்கும்தான்.

விழிஞ்ஞத்து மாமா முதலில் ஊதியது சங்கு. கடலில் மூடுபனி இறங்கினால் ஒரு வள்ளத்துக்கு மற்ற வள்ளம் தெரியாது. மோதிக்கொள்ளாமல் இருக்க ஆளாளுக்குச் சங்கு ஊதுவார்களாம். மாதா கோயில் திருநாளுக்கு வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு டிரம்பட்டை வரவழைத்துவிட்டு, அதிலிருந்து சத்தம் எழுப்ப ஆள் கிடைக்காமல் தவித்தார். கரையிலிருந்த பையன்கள் எல்லோரும் ஊதிப் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது.

“என்றெ முறை வந்நு. ஒரு ஊது ஊதினேன். கோயில் மேலெ இருந்த புறா முழுக்கப் பறந்துபோச்சு, கேட்டோ பிள்ளே! பனியிலெ சங்கு ஊதுன்னவனுக்கு இதொரு வலிய காரியமா?” என்று கன்னத்தை உப்பிக் காட்டுவார்.

டிரம் மாமா நாகர்கோவில் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் சின்ன வயதில் ராணி வேஷம் போட்டவர். பட்டுப்பாவாடையும் சவுரியுமாகப் பாடினால் ஜனங்கள் அழுவார்களாம். ஒருநாள் மேடையில் நடுப்பாட்டில் குரல் உடைந்துவிட்டது. “அன்னைக்கே திரைக்குப் பின்னால தள்ளிட்டானுவ. தகரத்தை ஆட்டு, மழை பெய்யும். டிரம்மை அடி, இடி இடிக்கும். ராணி போயாச்சு, இடி வந்தாச்சு” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொல்லி முடித்ததும் தொண்டையைத் தடவிக்கொள்வார்.

செக்ரட்டேரியட் அண்ணாவுக்கு வயலின்தான் படிப்பு. அரிவாள்மணையில் இடக்கைச் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. “கம்பிய அமுக்கினா உயிர் போறது, மாமி. இதுல சாவியத் தட்டினாப் போரும்” என்று அம்மாவிடம் விரலைக் காட்டிச் சொன்னார். அவர் பாண்டில் வாசிப்பது அவருடைய வீட்டில் தகப்பனாருக்குத் தெரியாது. பிள்ளை சாயங்காலம் டைப்ரைட்டிங் படிக்கப் போவதாக அவர் நினைத்திருந்தார்.

இப்படி ஆளாளுக்குச் சொல்லி முடிந்ததும் எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள்.

“ஆசானுக்கு ஆரு சொல்லிக்கொடுத்தது?” என்பார் விழிஞ்ஞத்து மாமா.

“பட்டாளத்துல பாண்டு மாஸ்டர்.”

“அதுக்கு முந்தி?” என்பார் டிரம் மாமா.

“அதுக்கு முந்தி என்ன? கணக்குப்பிள்ளை வீடு. கூட்டல் கழித்தல்தான்.” பிறகு சட்டென்று எழுந்துவிடுவார். “சரி, சரி. இன்னொரு தடவை வாசிப்போம்.”

எங்களுக்கும் அதுதான் பாடம். பள்ளிக்கூடத்திலோ பக்கத்து வீட்டிலோ யாராவது கேட்டால், “தாத்தா கணக்குப்பிள்ளை. இப்போ ஊரிலே யாரும் இல்லை” என்று சொல்ல வேண்டும். நான் அப்படியே நம்பினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவைக்கூட மனதில் உண்டாக்கி வைத்திருந்தேன். விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். நாங்கள் எங்கும் போனதில்லை. எங்களைத் தேடியும் யாரும் வந்ததில்லை. அம்மா வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. தம்பியைத் தூங்கவைக்கும்போதுகூடத் தட்டிக்கொடுப்பாளே தவிர, தாலாட்டு வராது. அவளுக்குப் பாட்டு வராதென்று நினைத்திருந்தேன்.

அப்பா பாண்டில் வாசிப்பது ஒருவிதம். ஒவ்வொரு சுரமும் விறைப்பாக, அட்டென்ஷனில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், தெரு உண்ட மயக்கத்தில் இருக்கும்போது, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். அது வேறு. விரலைத் துளையின்மேல் முழுதும் வைக்காமல், முழுதும் எடுக்காமல், சுரத்தை இழுத்து, குழைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து, ஜமுக்காளத்தைத் தலையோடு போர்த்திச் சத்தத்தை அடக்கியிருப்பார். வெளியே வரும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும். யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவார்.

அந்தப் பங்குனியில் கோயில் திருவிழாவுக்கு எங்கள் பாண்டுக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்கார மாமா திருவிழாக் கமிட்டியில் இருந்தார். ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட், எதையும் முறையாகச் செய்கிறவர். அவரே முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்.

“மாஸ்டர், இந்த வருசம் கொடியேத்துக்கு மறுநாள் வாத்தியக்காரங்களுக்கு ஒரு வரவேற்பு வச்சிருக்கு. ஒவ்வொருத்தரா எழும்பி நிக்கணும். எந்த ஊரு, யாருகிட்ட படிச்சது, எல்லாம் நான் மைக்கில சொல்லுவேன். நம்ம பாண்டும் சங்கீதந்தாம்ணு நாலு பேருக்குத் தெரியட்டுமே.”

விழிஞ்ஞத்து மாமா சங்குக் கதையிலிருந்து ஆரம்பித்தார். டிரம் மாமா ராணி வேஷத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். செக்ரட்டேரியட் அண்ணா, “என் பேர மட்டும் மைக்குல சொல்லிடாதீங்கோ மாமா” என்று கும்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

“மாஸ்டருக்கு?”

“பட்டாளம்னு போடுங்க, அண்ணாச்சி. போதும்.”

“ம்” என்றார் வீட்டுக்கார மாமா. அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, “ஊர்வலத்துல முன்னால மேளம், பின்னால பாண்டு. இந்தத் தடவை மேளம் திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வருது. நல்ல செட்டு” என்று ஊரின் பெயரைச் சொன்னார்.

அப்பா கிளாரினெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தார், துடைத்த இடத்தையே.

மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள்.

நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. “உள்காய்ச்சல்” என்றாள் அம்மா. தெருப்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சாத்திக் கொக்கி போட்டார்கள். பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். ஓட்டிலிருந்து இறங்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நிற்கும். தம்பிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. எனக்குத் திருவிழாவுக்கென்று தைத்த பச்சைப் பாவாடை பெட்டியில் கிடந்தது. வெளியே தெருவில் கமுகம்பூவும் குருத்தோலையும் கட்டுகிற ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்கும். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால் ஒரு கோடளவு தெரு தெரியும். அந்தக் கோட்டுக்குள் யாராவது வந்து போவார்கள். யாரென்று தெரியுமுன் போய்விடுவார்கள்.

“நான் வெளியே போகலாமா?”

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதப்ப திருவிழாவா?”

வரவேற்பு நடந்தது. நாங்கள் மைக் சத்தத்தை மட்டும் கேட்டோம். விழிஞ்ஞத்து மாமா பெயர் வந்தபோது கைதட்டல் வந்தது. அப்பாவின் பெயர் வந்ததா என்று காற்றடித்ததில் தெரியவில்லை.

அடுத்த நாள் மூன்று பேரும் வந்து கதவைத் தட்டினார்கள். அம்மா கதவைக் கொஞ்சம் திறந்து நின்று பேசினாள்.

“ஆசானில்லாதெ எங்ஙனெ நடக்கும் சேச்சி? வந்து கூடெ நின்னா மதி. ஊத வேண்டாம்” என்றார் விழிஞ்ஞத்து மாமா.

“நாளைக்குப் பார்ப்போம்” என்றாள் அம்மா.

“டாக்டர அழைச்சிண்டு வரட்டுமா மாமி?”

“வேண்டாம்ப்பா. கஷாயம் குடுத்திருக்கேன்.”

உள்ளே அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வையைத் தலைவரை மூடியிருந்தார். அவர்கள் தயங்கித் தயங்கிப் படியிறங்கிப் போனார்கள்.

ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வருகிற நாள் வந்தது. சாயங்காலம், வெயில் தாழ்ந்த வேளை. சாமி வாசலுக்கு வரும்போது வீட்டுக்கு வீடு விளக்கும், நெல் நிரப்பிய நிறைநாழியும் வைத்து நிற்பார்கள். கதவைச் சாத்திவைத்திருப்பது சாவு வீடு மட்டும்தான். இது அப்பாவுக்கும் தெரியும். திறந்தாலும் வம்பு, திறக்காவிட்டாலும் வம்பு. அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “திறக்காதே” என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் விளக்கைத் தேய்த்துத் திரி போட்டு வைத்திருந்தாள். அதை நான் பார்த்தேன்.

முதலில் தவில் கேட்டது. பிறகு நாகஸ்வரம். தெருமுனையில் திரும்பியதும் அந்தச் சத்தம் சாத்திய ஜன்னலுக்குள்ளும் வந்து நிறைந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அதே குழைவு. அதே இழுப்பு. ஒரு சுரத்தின் விளிம்புவரை போய், தொடாமல் திரும்பி வந்து, பிறகு தொடுகிற அதே விளையாட்டு. சாமான் அறையில் ஜமுக்காளத்துக்கு அடியில் கேட்டது இப்போது தெருவில் திறந்து கேட்டது.

“அம்மா, அப்பா மாதிரியே வாசிக்கிறாங்க!” என்று கத்திவிட்டேன்.

“ஏட்டி, வாயை மூடு” என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா கட்டிலில் இருந்தபடியே கண்ணை மூடியிருந்தார். அவருடைய வலக்கை விரல்கள் போர்வையின்மேல் அசைந்துகொண்டிருந்தன. வெளியே அந்த வாசிப்பு எங்கே போகப்போகிறதோ அங்கே இவருடைய விரல் முன்னாலேயே போய் நின்றது.

பக்கத்து வீட்டு வாசலில் மேளம் நின்றது. அடுத்தது நாங்கள். அம்மா என்னை விட்டுவிட்டுப் போய் விளக்கை ஏற்றினாள். கூடத்தைக் கடந்து கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள்.

“திறக்காதேன்னு சொன்னேன்” என்றார் அப்பா.

“சாமி வருது” என்றாள் அம்மா. கதவைத் திறந்துவிட்டாள்.

அத்தனை நாள் இருட்டுக்குப் பிறகு எனக்குக் கண் கூசியது. நாகஸ்வரம் வாசித்தவர் உயரமானவர், நரைத்த குடுமி, கழுத்தில் உருத்திராட்சம். அவர் எங்கள் வாசலுக்குத் திரும்பினார். விளக்கோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தார். வாசிப்பு நிற்கவில்லை. ஆனால் அவர் கண் அவளை விட்டு அகலவே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் இருட்டாயிருந்த கூடத்தைப் பார்த்தார். மற்ற வாசல்களில் நின்றதைவிட எங்கள் வாசலில் அதிக நேரம் நின்றார். தவில்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார். சாமி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். பின்னால் பாண்டு வந்தது. விழிஞ்ஞத்து மாமா ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா நடக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை, பலகாரம் முடிந்த நேரம், வீட்டுக்கார மாமா அந்த நாகஸ்வரக்காரரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மாஸ்டர், இவங்க உங்களைப் பாக்கணும்னாங்க. பாண்டு மாஸ்டர் உடம்பு சரியில்லாம இருக்காராமேன்னு கேட்டாங்க. கூட்டிட்டு வந்தேன்.”

அப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கைகள் குவிந்தன, அப்புறம் எப்படிப் பிரிப்பது என்று இருவருக்குமே தெரியாததுபோல நின்றார்கள்.

“உக்காருங்க” என்றார் அப்பா.

“காய்ச்சல் எப்படி இருக்கு?”

“தேவலை.”

“மாஸ்டருக்கு எந்த ஊரு?” என்று கேட்டார் வந்தவர். குரல் சாதாரணமாக இருந்தது.

அம்மா அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கார மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, “பூர்வீகம் அந்தப் பக்கந்தான். கணக்குப்பிள்ளை குடும்பம். இப்போ அங்கே யாரும் இல்லை” என்றார்.

“நல்ல குடும்பம்” என்றார் அவர்.

வந்தவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: “இந்த வருசம் நான் திருவிழா ஒத்துக்கிறதா இல்லை. போன ஆடியில எங்கப்பா தவறிட்டாக. மூத்தவன் நான் இருந்தேன், கொள்ளி வச்சேன். இளையவன் ஒருத்தன் உண்டு. ரொம்ப வருசமா எங்கே இருக்கான்னே தெரியாது. கடைசி நாள்ல எங்கப்பா பேச்சு இல்லாமக் கிடந்தாக. யாராவது வாசல்ல வந்தாத் தலையைத் தூக்கிப் பாப்பாக. அவ்வளவுதான்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல இருந்தது. “அடடா” என்றார். யாரோ ஒருவருடைய அப்பா இறந்துபோனால் நாம் சொல்லுவோமே, அந்த அளவுக்குத்தான் சொன்னார். அடுக்களையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

வீட்டுக்கார மாமா சட்டென்று எழுந்தார். “வந்தவங்களுக்கு வெத்தலை குடுக்கலியே. நான் போய் எடுத்திட்டு வாறேன்” என்று படியிறங்கினார். வெற்றிலை எங்கள் வீட்டிலேயே இருந்தது. தட்டில், அவர் கண்ணெதிரிலேயே இருந்தது.

அறையில் அவர்கள் இருவரும், நானும்.

“தம்பி” என்றார் வந்தவர்.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மூக்குக்கண்ணாடிக் கணக்குப்பிள்ளை அந்த நிமிஷமே என் மனதிலிருந்து எழுந்து போய்விட்டார். அப்பாவின் மூக்கும் அவருடைய மூக்கும் ஒன்றாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அப்பா இப்போது பேசிவிடுவார், அழுதுவிடுவார், காலில் விழுந்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்கார அண்ணாச்சி வந்திருவார்” என்றார் அப்பா.

பெரியப்பா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு உச்சந்தலையில் கையை வைத்தார். கனமான கை. “பாடுவியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சரி” என்றார்.

வீட்டுக்கார மாமா வெகுநேரம் கழித்து வந்தார். வாசலுக்கு வருமுன்பே, தெருவிலிருந்தே பெரிதாக இருமிக்கொண்டு வந்தார். பெரியப்பா வெற்றிலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து மறுபடி கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அம்மா நிலைப்படியைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர்கள் போனதும் அப்பா கிணற்றடிக்குப் போனார். வேட்டியோடு நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். துவட்டிக்கொள்ளாமல் மறுபடி இறைத்தார். கயிறு ராட்டினத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் கிணறும் வீட்டுக்காரர் வீட்டுக் கிணறும் ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர். இரண்டு பக்கமும் இறைக்கலாம். அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன். அப்பா கவனிக்கவில்லை.

அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. சாமான் அறையில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னாள். அவளும் அதே மேளக்காரர் குடும்பம், அப்பாவுக்குத் தாய்மாமன் மகள். அப்பா சின்ன வயதிலேயே நாகஸ்வரத்தில் கெட்டிக்காரர். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடிய வாசித்த தாத்தாவை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கம் உட்காரவைத்துச் சோறு போட்டார்களாம். தாத்தா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கூட வாசித்த அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். சில நாள் கழித்து வீட்டைவிட்டு ஓடி, திருவனந்தபுரத்துக்கு வந்து பட்டாள பாண்டில் சேர்ந்தார். அங்கே கோட்டும் பூட்ஸும் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு ஒருதரம் ஊருக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். திரும்ப வருவேன் என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தவர் போகவே இல்லை. இந்தத் தெருவில் வீடு கேட்டபோது, என்ன குடும்பம் என்று கேட்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை மாற்ற முடியவில்லை.

“நீ பாடினதே இல்லையேம்மா?”

“நான் வாயைத் தொறந்தா எந்த வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சிரும்ட்டி” என்றாள் அம்மா.

மத்தியானம் பின்வாசல் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அத்தை நின்றாள். கையில் ஒரு வெண்கலப் பானையில் சோறு, இன்னொன்றில் பருப்பு, இலையில் துவையல். “இன்னைக்குக் கூடுதலா வச்சிட்டேன் மக்கா. பிள்ளைகளுக்குக் குடு” என்று அம்மா கையில் கொடுத்தாள். அம்மாவின் முழங்கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். சாயங்காலமும் அனுப்பினாள். மறுநாளும் அனுப்பினாள்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. இலையில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் கையை உதறினார்.

“இது யார் குடுத்தது?”

அம்மா சொன்னாள்.

“எதுக்குக் குடுத்தாங்க?”

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. அண்ணன் செய்தி சொன்னபோது வராத பயம் இப்போது வந்தது. அவருக்கு அது துக்கத்துக்கு வந்த சோறாகத் தெரியவில்லை. உன்னை எனக்குத் தெரியும் என்று இலையில் எழுதிப் போட்டதுபோலத் தெரிந்திருக்கிறது. இந்த வயதில் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அந்த அத்தை எவ்வளவு யோசித்து, எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்த காரியம்!

திருவிழா முடிந்ததும் அப்பா வேறு வீடு பார்த்துவிட்டார். நேமத்துக்கு அப்பால், வயல் ஓரத்தில், பக்கத்தில் வீடுகளே இல்லாத ஒரு வீடு. பாண்டுக்காரர்களிடம் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். டிரம் மாமா நம்பவில்லை. “ஆசானே, எங்ககிட்ட சொல்லக்கூடாதா?” என்று கேட்டார். “சொல்ல என்ன இருக்கு?” என்றார் அப்பா. பாண்டு செக்ரட்டேரியட் அண்ணாவின் தலைமையில் கொஞ்சநாள் நடந்தது. டைப்ரைட்டிங் என்று சொன்னது பொய் என்று அவருடைய தகப்பனாருக்குத் தெரிந்தபிறகு அதுவும் நின்றது.

நாங்கள் புறப்பட்ட காலையில் வீட்டுக்கார மாமா வெளியே வரவில்லை. மாட்டுவண்டியில் சாமான் ஏற்றியாகிவிட்டது. அப்பா முன்னால் வண்டிக்காரனோடு உட்கார்ந்திருந்தார். அத்தை மட்டும் வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“நாங்க என்ன தப்புச் செஞ்சோம்னு போறீங்க?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லை அக்கா.”

அத்தை குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் எனக்குக் கேட்டது. “வந்த மொத மாசமே தெரியும் மக்கா. அந்த அறையில இருந்து அவரு வாசிக்கிறது எங்க வீட்டு அடுக்களையில கேக்கும். பட்டாளத்துலயா தோடி சொல்லிக்குடுத்தாங்க? இவுக ஞாயித்துக்கிழமை தூங்கவே மாட்டாக. சுவர்ல காதை வச்சிக்கிட்டு இருப்பாக. நல்ல மேளக்காரன் வந்து நம்ம வீட்ல இருக்கான்னு எங்கிட்டப் பெருமையாச் சொல்லுவாக. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் வாயைத் தொறக்கல.”

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. கிள்ளிப்பாலம் தாண்டியது. கரமனை ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது, அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்து, அத்தை சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கிளாரினெட் பெட்டி அவர் மடியில் இருந்தது.

“வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா?” என்றாள் அம்மா.

“தெரியும்னு தெரிஞ்ச பிறகு அவங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?”

“அவங்க உங்க முகத்தை இத்தனை வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க.”

வண்டிக்காரன் மாட்டைத் தட்டலாமா என்று கேட்பதுபோல அவரைத் திரும்பிப் பார்த்தான். தட்டு என்று அவர் கையைக் காட்டினார்.